ஒரே நாளில் பிறந்த திருமூர்த்தியும் நானும்

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையிலிருந்து என் குரலே என்னை மூன்று முறை துரத்திவிட்டது. பால் வாங்கப் போனபோது ஓர் ஆட்டோ, காய்கறிக் கடை முன்னால் இன்னோர் ஆட்டோ, வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகும் ஜன்னல் வழியாக மூன்றாவது. "இன்றே கடைசி! ஆடித் தள்ளுபடி இன்றே கடைசி! தலையணை உறை இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்!" தொண்டை கட்டியிருந்த நாளில் பதிவு செய்தது. 'இலவசம்' என்கிற இடத்தில் குரல் உடைந்து கிட்டத்தட்ட அழுகிறேன். அந்த அழுகையைக் கேட்டுத்தான் ஜனம் கடைக்குள் வருகிறது, மறுபடி பதிவு செய்ய வேண்டாம் என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்லிவிட்டார். சாயங்காலம் மேடையில் பாட்டு, பகலில் ஆட்டோவில் தலையணை உறை. ஈரோட்டில் என் குரல் தெரியாதவர்கள் குறைவு.

பதினொரு மணிக்கு ராஜமாணிக்கம் அண்ணன் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். தேன்சிட்டு மெல்லிசைக் குழு அவருடையது. கீபோர்டு வாசிப்பார், மேடையில் அறிவிப்புச் செய்வார், எங்களைத் திட்டுவார், டிரைவர் வராத நாளில் வேனும் ஓட்டுவார். கருங்கல்பாளையத்தில் அவர் வீட்டு மாடிதான் ஒத்திகை அறை. நான் போனபோது ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"ஆயிரம்!" என்றார்.

மின்விசிறி அவர் தலைக்கு மிக அருகில் சுற்றிக்கொண்டிருந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை.

"நம்ம திருமூர்த்தியும் கலாமணியும் சேந்து பாடுன மேடையை நேத்து உக்காந்து எண்ணிப் பாத்தனப்பா. வார மாசம் பதினாலாந் தேதி பாடறது ஆயிரமாவது மேடை. பதினாலாந் தேதி என்ன நாளு?"

"ரெண்டு பேருத்துக்கும் பொறந்தநாளு!" என்று டிரம்ஸ் வாசிக்கிற ஜாபர் கத்திவிட்டு, இருந்த ஒரே சிம்பலை அடித்தார்.

சேலத்திலிருந்து ஒருவர் வருகிறாராம். தென்னகச் சாதனைப் பதிவேடு என்று நடத்துகிறார். ஒரே நாளில் பிறந்த இரண்டு பாடகர்கள் ஆயிரம் மேடையில் சேர்ந்து பாடியதாகப் பதிவு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுப்பாராம். அது கையில் வந்தால் பினாங்கில் ஒரு விழாக் கமிட்டி குழு மொத்தத்தையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறதாம். பன்னிரண்டு பேரும் விமானத்தில்! ஜாபர் இதுவரை திருப்பதியைத் தாண்டியதில்லை. என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார், என் எடையை நினைத்து விட்டுவிட்டார் போல. திருமூர்த்தி மைக் கேபிளைச் சுருட்டியபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ரெண்டு பேருத்து பொறப்புச் சான்றிதழும் வேணுமுன்னு கேட்டிருக்காரு," என்றார் அண்ணன்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. ஆட்டோக்கள் ஓய்ந்துவிட்டன. நல்லது.

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் பிறந்தது செப்டம்பர் பதினான்கு அல்ல. மார்ச் மூன்று.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பர் பதினான்காம் தேதி, தேன்சிட்டுக் குழுவுக்குப் பாடகி தேர்வு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தெரு மாறிப் போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, மாடிப்படி ஏறும்போது தேர்வு முடிந்துவிட்டது. அண்ணன் கீபோர்டுக்குத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதம்மிணி. அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணா, இன்னிக்கு என்ற பொறந்தநாளுங்க. இன்னிக்குப் போயி அழுதுட்டு வூட்டுக்குப் போக வெச்சுராதீங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று இன்றுவரை தெரியவில்லை.

அண்ணன் துணியைப் பிடித்தபடி யோசித்தார். அப்போது மூலையில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். குழுவில் சேர்ந்து இரண்டே மாதம் ஆனவர். "அண்ணா, எனக்கும் இன்னிக்குத்தானுங்க பொறந்தநாளு. ஒரு பாட்டு பாடட்டுமே" என்றார்.

"ரெண்டு பேருத்துக்கும் ஒரே நாளா!" அண்ணனுக்கு இந்த மாதிரி விஷயத்தில் நம்பிக்கை அதிகம். துணியை எடுத்துவிட்டார். பாடினேன். இரண்டாவது பாட்டை அந்த ஆளோடு சேர்ந்து பாடினேன். அவர்தான் திருமூர்த்தி. அன்று மாலையே எங்கோ ஓடிப்போய் ஒரு கேக் வாங்கி வந்தார். அதில் என் பெயரும் இருந்தது.

அதிலிருந்து வருஷா வருஷம் ஒரே கேக், இரண்டு பெயர். போஸ்டரில் 'ஒரே நாளில் பிறந்த இசை இரட்டையர்'. நிஜமாகவே அந்த நாளில் பிறந்த ஒரு நல்ல மனுஷனின் கேக்கில் பாதியைப் பன்னிரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். "அப்பவே சொன்னன், கேட்டியா" என்றாள். அப்போது அவள் எதுவும் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

கொசுவலை விளம்பரம் பதிவு. "கொசுவே, இனி உனக்கு இங்கே இடமில்லை!" பதினோரு முறை சொல்லவைத்தார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

ஒத்திகை. திருமூர்த்தி புதுச்சட்டையில் வந்தார். கிளிப்பச்சை நிறம், அவருக்குச் சுமாராகத்தான் இருந்தது. காலருக்கு அடியில் கடைக்காரன் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது. பாடும்போது தலையைத் திருப்பினால் கழுத்தில் குத்துமே என்று நானே எடுத்துவிட்டேன். நெற்றியில் குங்குமம்.

"என்னங்க விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங். அம்மா எடுத்துக் குடுத்தாங்க. காலைல பண்ணாரி கோயலுக்குப் போயிட்டு வந்தமுங்க."

அவர் அம்மா பாவாயம்மா தூக்குப்போசி நிறையப் பால் பாயசம் கொடுத்து அனுப்பியிருந்தார். முந்திரி தாராளம். ஜாபர் மூன்று டம்ளர் குடித்தார். வீட்டில் பால் மிஞ்சிப்போயிருக்கும். இன்னும் மூன்று வாரத்தில் பிறந்தநாளை வைத்துக்கொண்டு, புதுச்சட்டையை இப்போதே போட்டு அழுக்காக்குகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆண்களுக்கு இதெல்லாம் யோசனையே கிடையாது.

நான் எதற்கு அவர் சட்டையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்? பாயசம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அண்ணன் சான்றிதழ் கேட்டார். எலி கடித்துவிட்டது என்றேன்.

திருமூர்த்தியிடம் கேட்டார். மழையில் நனைந்து எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது என்றார்.

பாவம், என்னிடம் இல்லை என்று தெரிந்ததும் தன்னிடமும் இல்லை என்கிறார். யாரையும் தனியாகத் தலைகுனிய விடமாட்டார். இந்த ஆளை ஏமாற்றியிருக்கிறேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. இறங்காமலே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பெருந்துறையில் கல்யாண வரவேற்பு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது மேடை. அண்ணன் வழக்கம்போல மைக்கைப் பிடித்து, "ஒரே நாளில் பிறந்தவர்கள்! உடன்பிறந்த அண்ணன் தங்கை போன்றவர்கள்! உங்கள் இசை இரட்டையர்!" என்று அறிவித்தார். அடுத்த நொடியே காதல் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். அண்ணன் தங்கை என்று சொல்லிவிட்டு நிலவில் வீடு கட்டிக் குடியிருக்கலாம் வா என்று பாடவைக்கிறார். முன்வரிசையில் ஒரு பெரியம்மா ஒவ்வொரு சரணத்துக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை.

இரண்டு மைக்குக்கும் நடுவில் எப்போதும் நான்கடி இருக்கும். இன்று மூன்றடிதான் இருந்தது. மேடை சின்னது, அதனால்.

என் அம்மாவுக்குத் திருமூர்த்தி என்றால் உயிர். "எந்தத் தாய் பெத்த புள்ளையோ, உனக்கு அண்ணனாட்டம் இருக்கான்" என்று மாசத்துக்கு ஒருமுறையாவது சொல்கிறாள். அப்போதெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

செப்டம்பர் 2, திங்கள்

மேட்டூர் ரோடு முழுக்கப் போஸ்டர். செப்டம்பர் பதினான்கில் பிறந்த யார் வந்தாலும் முன்வரிசையில் உட்காரலாம் என்று அண்ணன் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். என் மூக்கின் மேல் யாரோ தண்ணீர் லாரி விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். முழு முகத்தையும் மூடியிருந்தால் இன்னும் நல்லது.

செப்டம்பர் 3, செவ்வாய்

அண்ணனின் பொறுமை போய்விட்டது. நாளைக் காலை எங்கள் இருவரையும் அவரே வேனில் ஏற்றிப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார். இருவருமே ஈரோட்டில் பிறந்தவர்கள், ஒரே இடத்தில் நகல் வாங்கிவிடலாமாம். எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

செப்டம்பர் 4, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலை பத்தரைக்கு அலுவலகம். வேன் நிறுத்த இடம் கிடைக்காமல் அண்ணன் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். எப்படியாவது அவரை முதலில் அனுப்பிவிட்டு, அவர் வெளியே போன பிறகு என்னுடையதை வாங்கிக்கொண்டு, அண்ணனிடம் ஏதாவது அளந்துவிடலாம் என்பது என் திட்டம்.

"நீங்க முன்னால போங்க," என்றேன்.

"இல்லீங், லேடீஸ் பர்ஸ்ட். நீங்க போங்க."

"பரவால்லீங்க, எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."

"எனக்கும் அவசரமே இல்லீங்க."

இப்படியே நான்கு பேரை எங்களைத் தாண்டிப் போகவிட்டோம். கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் காலியாகி, உள்ளே இருந்த இரண்டு ஊழியர் அம்மாக்களும் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டார்கள். வேறு வழியில்லை. அவர் அந்த ஜன்னல், நான் இந்த ஜன்னல். இடையில் நான்கடிகூட இல்லை.

அவருடைய ஜன்னலில் இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பொறந்த தேதி?" என்றார்.

திருமூர்த்தி குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க."

மறுபடி முணுமுணுப்பு.

"அட, சத்தமாச் சொல்லுங்க. மேடையில பாடறவருதான நீங்க? எங்கூருத் திருவிழாவுல பாத்திருக்கறனே. இங்க வந்து வாய்க்குள்ளயே பேசறீங்க!"

திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். "ஆகஸ்ட் இருவத்திநாலுங்க."

நான் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காது அடைத்த மாதிரி இருந்தது. என் பக்கத்து அம்மா மூன்றாவது முறையாக, "உங்களுக்கும்மா? தேதி சொல்லுங்க" என்றார்.

"மார்ச் மூணு," என்றேன். எவ்வளவோ மெதுவாகச் சொல்ல நினைத்தும், தலையணை உறை விற்கிற குரலில் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

திருமூர்த்தி மெல்லத் திரும்பினார். நானும் திரும்பினேன். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் பாட்டில் தாளம் தவறி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வாயைத் திறக்கவும் தெரியவில்லை, மூடவும் தெரியவில்லை.

"நீங்களுமா?" என்றார்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும். சான்றிதழ்த் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படி அங்கிருந்து நகர்ந்தோம் என்று தெரியவில்லை. தாழ்வாரத்துப் பெஞ்சில் விழுந்து சிரித்தோம். நான் அடங்கும்போது அவர் ஆரம்பிப்பார், அவர் அடங்கும்போது நான். இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு குடும்பம் எங்களை முறைத்தது. வாட்ச்மேன் வந்து, "ஏனுங்க, இது ஆபீசுங்க" என்றார். சரிங்க சரிங்க என்று கையெடுத்துக் கும்பிட்டபடி சிரித்தோம்.

மூச்சு வந்த பிறகு கேட்டேன். "நான் வேலை கெடைக்கோணும்னு பொய் சொன்னன். நீங்க எதுக்குங்க சொன்னீங்க? நீங்கதான் ஏற்கெனவே குழுவுல இருந்தீங்களே!"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க கதவுகிட்ட நின்னீங்க. வார் அந்துபோன செருப்பு ஒண்ணு கையில இருந்துச்சு. மூச்சு வாங்கிட்டே அண்ணன்கிட்டப் பேசுனீங்க. அண்ணன் அசையற மாதிரியே தெரியல. நீங்க பாடாம எறங்கிப் போயிட்டா, அப்பறம் எந்தத் தெருவுல போயி நான் உங்களைத் தேடறதுங்க? பேருகூடத் தெரியாது."

தாழ்வாரத்தில் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதமாட்டேன். எழுதுகிற மாதிரி எதுவும் சொல்லவும் இல்லை. "வேன்ல அண்ணன் காத்துட்டிருப்பாருங்க" என்றேன்.

வேனில் அண்ணன், "கெடச்சுதா?" என்றார். "கெடச்சுதுங்ணா" என்றோம் இருவரும், தாளை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. வீடு வரும்வரை ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 5, வியாழன்

சிரித்ததில் விலா வலிக்கிறது. மல்லிகைப் பூ வாங்கினேன். எதற்கென்று அம்மா கேட்டாள். வாங்கக்கூடாதா என்று சண்டை போட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

அண்ணனிடம் சொன்னோம். அவர் வீட்டுக் கூடத்தில், இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்.

அண்ணன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் சரியான தேதி இருக்குமோ என்று தேடினார்.

"பன்னெண்டு வருசம்! ஊர் ஊராப் போயி மைக்குல கத்தியிருக்கறன். ரெண்டு பேரும் என்ற மூஞ்சியில கரியப் பூசிட்டீங்களே!"

திட்டட்டும் என்று நின்றோம். நன்றாகத் திட்டினார். பிறகு குரலை இறக்கினார். பினாங்கு கமிட்டியிடம் பன்னிரண்டு பேரின் பெயர்ப் பட்டியலும் கொடுத்தாகிவிட்டது. ஜாபர் பெட்டிகூட வாங்கிவிட்டார். "இத பாருங்க. நடந்தது நடந்துருச்சு. பள்ளிக்கூடத்துல தேதி மாத்திக் குடுத்திருக்காங்கன்னு ஒரு வக்கீல்கிட்ட எழுதி வாங்கிக்கலாம். ஊருல பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்குது. பதினாலாந் தேதி முடியட்டும். இசை இரட்டையர் இசை இரட்டையராவே இருங்க. அண்ணன் தங்கச்சியாட்டம் இத்தனை வருசம் இருந்தீங்க, இன்னும்..."

"மாட்டனுங்க," என்றார் திருமூர்த்தி.

அண்ணன் நிமிர்ந்தார்.

"அந்த ஒரு பொய்யிலதான் நான் இவங்களுக்கு அண்ணனாயிட்டனுங்க. பன்னெண்டு வருசமா ஒவ்வொரு மேடையிலயும் நீங்க அதைச் சொல்லும்போது பல்லைக் கடிச்சுட்டு நின்னனுங்க. இனி ஆகமாட்டனுங்க. என்னை மன்னிச்சுருங்க."

என் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. அண்ணி ஓடிப்போய்த் துணி எடுத்துவந்தார். துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர், துடைப்பதை நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் சிரிப்பது கேட்டது.

அண்ணன் எங்களைப் போகச்சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாப் வரை திருமூர்த்தியும் நானும் நடந்தோம். பஸ் வந்தது. "நாளைக்குப் பவானி புரோகிராமுக்கு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டார். ஊரில் இருக்கிற எல்லாக் கேள்வியையும் விட்டுவிட்டு இதைக் கேட்டார். வந்துவிடுவேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டிருக்கிறேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "யாருடி அது?" என்றாள். யாருமில்லை என்றேன்.

செப்டம்பர் 7, சனி

பவானியில் விநாயகர் சதுர்த்தி. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது மேடை. அண்ணன் அறிவிப்பில் "திருமூர்த்தி, கலாமணி" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் வாசிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டேன். ஆயிரம் தடவை பாடிய பாட்டு. திருமூர்த்தி என் வரியையும் சேர்த்துப் பாடிச் சமாளித்தார். சிரித்துக்கொண்டே பாடியதால் சுருதி லேசாக விலகியது. இரண்டு பேரும் ஒரே மேடையில் தப்புச் செய்தது இதுதான் முதல் தடவை என்று ஜாபர் குறித்துவைத்திருக்கிறார்.

செப்டம்பர் 11, புதன்

அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா போட்ட முறுக்கை நொறுக்கிக்கொண்டே பேசினார்.

"வக்கீலெல்லாம் வேண்டாம். சேலத்துக்காரருக்கு போன் பண்ணி நடந்ததைச் சொல்லிட்டன். வந்து பாக்கறனுட்டாரு. பினாங்குக்காரங்ககிட்டயும் சொல்லிட்டன். அவங்க ஒண்ணுமே சொல்லாம போனை வெச்சுட்டாங்க." இன்னொரு முறுக்கு. "ஜாபர்கிட்டச் சொன்னன். பொட்டிய எடுத்துட்டுப் பழனிக்குப் போறனுட்டான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணா, என்னாலதானுங்க..."

"மேடையில நீயும் அவனுமே சொல்லிருங்க அம்மிணி. என்ற வாயில வராது. இத்தனை வருசம் நான் சொன்னதை நானே எப்படி இல்லைன்னு சொல்றது?" எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அன்னிக்கு நீ பொறந்தநாளுன்னு சொல்லலீன்னா, நான் உன்னைப் பாட விட்டிருக்க மாட்டன். தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன்.

"நல்லவேளைக்குச் சொன்ன," என்றுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்று எழுத நேரமில்லை. இன்று காலை எழுதுகிறேன்.

மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் செப்டம்பர் பதினான்கில் பிறந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேர் வருவார்கள் என்று யார் நினைத்தது? சட்டையில் அட்டை குத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பட்டுப்பாவாடைக் குழந்தை, ஒரு பல் மருத்துவர், இரண்டு காலேஜ் பெண்கள், நடுவில் விசில் சகிதம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். நிஜமான ஆட்கள். நான் யாருடைய நாளைத் திருடினேனோ, அத்தனை பேரும் எதிரில்.

பேசவேண்டியதைத் திருமூர்த்தி ஆரம்பித்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. பாடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும்..." அதோடு நின்றுவிட்டார். அவருக்குப் பாடத்தான் வரும். மைக்கை நான் இழுத்துக்கொண்டேன். மாடிப்படி ஏறியதிலிருந்து பெஞ்சில் விழுந்து சிரித்தது வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "நான் மார்ச்சுல பொறந்தவளுங்க. இவரு ஆகஸ்டுல பொறந்தவருங்க. உங்க நாள்ல வந்து பன்னெண்டு வருசமா ஒட்டிட்டிருந்தமுங்க. மன்னிச்சுருங்க."

அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து, இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். பெருந்துறையில் முகம் சுளித்தவர்தானோ, வேறொருவரோ, எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நீங்க அண்ணன் தங்கச்சி மொற இல்லீங்களா?"

"இல்லீங்க!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், இரண்டு மைக்கிலும், ஒரே சுருதியில் சொல்லிவிட்டோம்.

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது? விசில், கைதட்டல், நாற்காலி விழுகிற சத்தம். அந்தப் பெரியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "அப்பாடா! இனியாவது அந்த நெலாப் பாட்டை நிம்மதியாக் கேக்கலாம்!" என்று கத்தினார். ஜாபர் சிம்பலை அடித்த அடியில் ஸ்டாண்டு சாய்ந்தது.

அப்போது பஸ் கண்டக்டர் நீளமாக விசில் ஊதி எல்லோரையும் அடக்கினார். "பொய் சொன்னது தப்புத்தான். அதனால இந்தக் கேக்கை நீங்க வெட்டக்கூடாது. நாங்கதான் வெட்டுவம். வாங்கப்பா எல்லாரும்!" நாற்பத்து மூன்று பேரும் மேடை ஏறிவிட்டார்கள். ஆளுக்கொரு கைவைக்க இடம் போதாமல், முன்னால் நின்றவர்களின் தோளைத் தொட்டபடி பின்னால் நின்றார்கள். சேலத்துக்காரர் கோவர்த்தனன் சட்டம்போட்ட சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரே நாளில் பிறந்த நாற்பத்து மூன்று பேர் ஒரே கத்தியால் கேக் வெட்டியது சாதனைதான் என்று நோட்டை எடுத்துவிட்டார். நாற்பத்து மூன்று பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னதும் அத்தனை பேரும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேக் சாப்பிட்டார். எங்கள் சான்றிதழைச் சேலத்துக்கே கொண்டுபோய்விட்டார்.

பிறகு பாடினோம். எத்தனை பாட்டு என்று நினைவில்லை. அறிவிக்க மைக்கைப் பிடித்த அண்ணன், "ஒரே..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு, "ஒரே குழுவில் பாடுபவர்கள்" என்று முடித்தார். நடுவில் எப்போதோ பார்த்தபோது, இரண்டு மைக்குக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. மேடை பெரிய மேடைதான்.

செப்டம்பர் 16, திங்கள்

காலை ஒன்பதரைக்குப் பாவாயம்மாவும் திருமூர்த்தியும் வீட்டுக்கு வந்தார்கள். பாவாயம்மா வெற்றிலை, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு என் அம்மாவோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மொதல்ல இருந்தே சொல்லிட்டிருந்தனுங்க, இந்தப் பையன் மாப்பிள்ளையாட்டம் இருக்கான்னு" என்று கூசாமல் சொன்னாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திருமூர்த்தி உதவி செய்கிறேன் என்று வந்து, உப்புமாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கண்ணில் நீர் கொட்டியது. வெங்காயம்தான் என்றார். நானும் நம்பினேன்.

போன் அடித்தது. அண்ணன்.

"முந்தாநேத்து யாரோ நம்ம கூத்தை வீடியோ எடுத்து அனுப்பி, அது ஊரெல்லாம் சுத்துதாம். பினாங்குல இருந்து ஒண்ணும் வரல. ஆனா காங்கேயம், தாராபுரம், உடுமலை, மூணு ஊருல இருந்து கூப்புட்டுட்டாங்க. எல்லாம் தை மாசத்துக் கல்யாணம். அந்தப் பொய் சொன்ன ரெண்டு பேரும்தான் வரோணுங்கறாங்க. ஒடனே போஸ்டர் அடிக்கோணும் அம்மிணி. இசை இரட்டையருன்னு இனிப் போட முடியாது. ஒரே நாள்ல பொறந்தவங்கன்னும் போட முடியாது. என்னன்னு போடறது, நீயே சொல்லு!"

போனைக் கையால் பொத்திக்கொண்டு திருமூர்த்தியிடம் கேட்டேன். அவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் நடக்கிற பேச்சை ஒரு நிமிஷம் காதுகொடுத்துக் கேட்டார்.

"பேரை மட்டும் அடிச்சு, மீதி எடத்தைக் காலியா விடச்சொல்லுங்க கலா," என்றார். "தை வாரதுக்குள்ள எழுதறதுக்கு வேற ஒண்ணு கெடச்சுரும்."